சிப்பாய் நிற்கிற இடத்தைப் பாருங்கள்: புதிதாகப் பழகுவோருக்கு ராணி காம்பிட் எக்ஸ்சேஞ்ச்

மதுரையில் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபங்களில் நடக்கும் ரேபிட் செஸ் போட்டிகளுக்குப் போனால் இதைப் பார்க்கலாம். கடிகாரம் ஓட ஆரம்பித்ததும் முதல் ஏழெட்டு நகர்த்தலைப் பிள்ளைகள் டப் டப்பென்று வைத்துவிடுவார்கள். எதிராளி பாடத்தில் இல்லாத ஒரு காயைத் தொட்டதும் கை அந்தரத்தில் நிற்கும். மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்ப்பார்கள், பக்கத்துப் போர்டைப் பார்ப்பார்கள், கடைசியில் ராணியைத் தூக்கி ஒரு செக் கொடுத்துப் பார்ப்பார்கள். மனப்பாடம் தீர்ந்த இடத்தில் யோசிக்க ஒன்றும் கையில் இல்லை.

அதனால் என்னிடம் பழக வருகிறவர்களுக்கு நான் முதலில் எடுத்துக்கொடுப்பது ராணி காம்பிட் என்ற ஓப்பனிங்கில், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முறையில், எக்ஸ்சேஞ்ச் வகை. இதில் ஐந்தாவது நகர்த்தலுக்குள் நடுச்சிப்பாய்கள் ஒரு நிலைக்கு வந்து நின்றுவிடும். அடுத்த பதினைந்து நகர்த்தலுக்கு அந்த நிலை பெரும்பாலும் மாறாது. ஆகவே வரிசை மறந்து போனாலும், சிப்பாய்களைப் பார்த்தால் அடுத்த வேலை என்னவென்று தெரிந்துவிடும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு பழக்கத்துக்குத்தான்.

காய்களை நகர்த்தவும் காஸ்லிங் செய்யவும் நோட்டேஷன் படிக்கவும் தெரிந்திருந்தால் போதும். காயைச் சும்மா விட்டுக்கொடுக்கிற கட்டத்தில் இருப்பவர்கள் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள். எந்த ஓப்பனிங்கும் அதிலிருந்து காப்பாற்றாது.

எழுத்து முறை பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை பக்கம் உட்கார்ந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். கீழிருந்து மேலாக 1 முதல் 8. ரூக்கை யானை என்றும் பிஷப்பை மந்திரி என்றும் எழுதுகிறேன். வீட்டில் தாத்தாவிடம் ராணியை மந்திரி என்று சொல்லிப் பழகியவர்கள் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் போனை ஓரமாக வைத்துவிட்டு, சுருட்டி வைக்கிற ரெக்சின் போர்டை விரித்து, காய் வைத்துப் படியுங்கள். கையால் நகர்த்தியது மனதில் தங்குகிற மாதிரி திரையில் பார்த்தது தங்காது.

முதல் இரண்டு நகர்த்தல்

1. டி4 டி5 2. சி4.

போர்டின் நடு என்பது டி4, டி5, இ4, இ5 என்ற நான்கு கட்டங்கள். அங்கே சிப்பாயை ஊன்றியவருக்குக் காய்கள் எல்லாப் பக்கமும் போக வழி கிடைக்கும். வெள்ளை சி4 வைப்பது டி5 சிப்பாயைப் பக்கவாட்டிலிருந்து தட்டத்தான். அது நகர்ந்து சி4ஐ வெட்டப் போனால் இ4 கட்டம் நமக்குத் திறக்கும்.

"சி4 சிப்பாயை இலவசமாகக் கொடுக்கிறோமே" என்று பலர் பதறுவார்கள். கொடுக்கவில்லை. கறுப்பு அதை வெட்டினால் 3. இ3 வையுங்கள், எஃப்1 மந்திரி சி4ஐப் பார்க்கிறது. அந்தச் சிப்பாயைக் காப்பாற்றக் கறுப்பு 3... பி5 தள்ளினால் 4. ஏ4. அதற்கு 4... சி6 என்று முட்டுக் கொடுத்தால் 5. ஏ4 சிப்பாய் பி5ஐ வெட்டும், சி6 சிப்பாய் திருப்பி வெட்டும். இப்போது 6. ராணி எஃப்3. அங்கிருந்து ஏ8 வரை மூலைக்கோடு காலியாகக் கிடக்கிறது, எதிரே யானை. கறுப்பு அந்த யானையைக் காப்பாற்ற ஒரு குதிரையையோ மந்திரியையோ இழக்கத்தான் வேண்டும். பள்ளிப் போட்டிகளில் இது இன்னும் நடக்கிறது. ஒருமுறை வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டால் பதற்றம் போய்விடும்.

2... இ6 வந்தால்

நல்ல பதில் இதுதான். டி5 சிப்பாய்க்குப் பின்னாலிருந்து இ6 தாங்குகிறது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. சி8இல் நிற்கிற கறுப்பு மந்திரி, கீழமாசி வீதியில் சரக்கு இறக்கிக்கொண்டிருக்கும் லாரிக்குப் பின்னால் மாட்டிய ஆட்டோ மாதிரி ஆகிவிடுகிறது. முன்னால் நிற்பது அதன் சொந்தச் சிப்பாய். இந்த மந்திரிதான் ராணி காம்பிட்டில் கறுப்புக்குக் காலங்காலமாக இருக்கிற தலைவலி. 1927இல் புவனோஸ் ஐரெஸில் கபபிளாங்காவும் அலெகினும் உலகப் பட்டத்துக்கு ஆடிய 34 ஆட்டங்களில் 32இல் ராணி காம்பிட்டை மறுக்கிற இந்த வகைதான் வந்தது. அலெகின் 6 ஆட்டம், கபபிளாங்கா 3 ஆட்டம் ஜெயிக்க, மீதி 25 டிரா. கறுப்பு அவ்வளவு உறுதி என்றும் சொல்லலாம், அந்த மந்திரியை வெளியே எடுக்க அத்தனை பாடு என்றும் சொல்லலாம்.

3. குதிரை சி3, குதிரை எஃப்6. இப்போது 4. சி4 சிப்பாய் டி5ஐ வெட்டுகிறது, இ6 சிப்பாய் திருப்பி வெட்டுகிறது. இந்த மாற்றம்தான் எக்ஸ்சேஞ்ச். குதிரையால் வெட்டினால் 5. இ4 தள்ளுங்கள், நடுவில் இரண்டு சிப்பாய் ஜோடியாக நிற்கும், அது நமக்கு வசதி.

கூர்மையான வாசகர் இங்கே கேட்கலாம்: இ6 சிப்பாய் நகர்ந்துவிட்டதே, அடைபட்ட மந்திரிக்கு நாமே வழி திறந்துவிட்டோமே? ஆமாம், திறந்துவிட்டோம். இந்த வகையில் வெள்ளை கொடுக்கிற விலை அதுதான். அதனால் அடுத்த சில நகர்த்தல்களில் நம் வேலை, திறந்த அந்தக் கோட்டில் எஃப்5 என்ற நல்ல கட்டத்தை அந்த மந்திரிக்குக் கொடுக்காமல் இருப்பது.

காயை விட்டுவிட்டு எண்ணுங்கள்

நடு நிலை முடிவாகிவிட்டது. மற்ற காய்களைக் கண்ணால் அழித்துவிட்டுச் சிப்பாய்களை மட்டும் பாருங்கள். வெள்ளைக்கு ஏ2, பி2, டி4, அப்புறம் இ, எஃப், ஜி, எச். கறுப்புக்கு ஏ7, பி7, சி வரிசையில் ஒன்று, டி5, அப்புறம் எஃப், ஜி, எச். ஆளுக்கு ஏழு.

ராஜா பக்கம் நாம் நான்கு, அவர் மூன்று. ராணி பக்கம் நாம் இரண்டு, அவர் மூன்று. சி வரிசை நமக்குப் பாதி திறந்திருக்கிறது. நம் சிப்பாய் அங்கே இல்லை, அவருடையது இருக்கிறது. இ வரிசை அவருக்குப் பாதி திறந்திருக்கிறது. இந்த அமைப்புக்குக் கார்ல்ஸ்பாத் என்று பெயர். இன்று செக் நாட்டில் கார்லோவி வாரி என்று அழைக்கப்படும் அந்த ஊரில் 1907, 1911, 1923, 1929 ஆண்டுகளில் பெரிய சர்வதேசப் போட்டிகள் நடந்தன.

காய்களை வெளியே எடுப்பது

5. மந்திரி ஜி5, சி6
6. இ3, மந்திரி இ7
7. மந்திரி டி3, குதிரை பி-யிலிருந்து டி7
8. ராணி சி2, காஸ்லிங்
9. குதிரை எஃப்3, யானை இ8
10. காஸ்லிங், குதிரை எஃப்8

இதை வரிசையாக ஒப்பிக்க வேண்டாம். ஒவ்வொன்றும் ஏன் என்று தெரிந்தால் போதும்.

மந்திரி ஜி5க்குப் போன பிறகுதான் இ3. முதலிலேயே இ3 வைத்தால் நம் கறுப்புக்கட்ட மந்திரி நம் சிப்பாய்க்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். எதிராளியின் தலைவலியை நாம் வாங்கிக்கொண்ட கதைதான்.

மந்திரி டி3, ராணி சி2 இரண்டும் ஒரே மூலைக்கோட்டில் நின்று எஃப்5ஐக் காவல் காக்கின்றன. அதே கோடு எச்7 வரை போகிறது. கறுப்பு எட்டாவதில் பி8 குதிரையை எடுக்காமல் அவசரமாகக் காஸ்லிங் செய்துவிட்டிருந்தால், நம் ஜி5 மந்திரி எஃப்6 குதிரையை வெட்டும். அவர் மந்திரியால் திருப்பி வெட்டியதும் நம் டி3 மந்திரி எச்7 சிப்பாயைச் செக்கோடு எடுத்துக்கொள்ளும். ஒரு சிப்பாய் சும்மா லாபம். டி7இல் குதிரை இருந்தால் இது நடக்காது. அது எஃப்6இல் திருப்பி வெட்டி எச்7ஐக் காத்துவிடும். பிறகு கறுப்பு அந்தக் குதிரையை எஃப்8க்குக் கொண்டுபோவதும் எச்7க்காகத்தான்.

ஆறாவதில் கறுப்பு அவசரப்பட்டு மந்திரியை எஃப்5க்குக் கொண்டுவந்தால் 7. ராணி எஃப்3. மந்திரி ஜி6க்குப் பின்வாங்கும். 8. மந்திரி எஃப்6 குதிரையை வெட்ட, ராணி திருப்பி வெட்ட, 9. ராணி ராணியை வெட்ட, ஜி7 சிப்பாய் திருப்பி வெட்டும். எஃப் வரிசையில் கறுப்புக்கு இரண்டு சிப்பாய் ஒன்றன்பின் ஒன்றாக, எச்7 தனியாக. பெரிய ஆட்டக்காரர்கள் இதைக் கறுப்பில் தாங்கி டிரா செய்துவிடுவார்கள். நம் அளவில் வெள்ளை பக்கம் ஆடுவது சுகம்.

குதிரையை எஃப்3இல் ஒன்பதாவது வரை வைக்காமல் இருப்பதற்கும் இதே காரணம். முன்கூட்டியே வைத்தால் ராணிக்கு எஃப்3 கிடைக்காது. 2024 நவம்பர் 27 அன்று சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் மூன்றாவது ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். குகேஷ் வெள்ளை, டிங் லிரென் கறுப்பு. அதே கார்ல்ஸ்பாத் அமைப்பு. குகேஷ் குதிரையை முன்பே எஃப்3இல் வைத்திருந்தார். டிங் ஜி6 தள்ளி, அந்தப் பிரச்சினை மந்திரியை எஃப்5க்குக் கொண்டுவந்தே விட்டார். அதற்குக் குகேஷ் ஒன்பதாவதில் ஜி4 தள்ளி மந்திரியை விரட்டினார். ராணிகள் மாறிய பிறகு அந்த மந்திரி சி2 வரை ஊடுருவிப் போனது, பிறகு திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டது. 37ஆவது நகர்த்தலில் டிங்கின் நேரமும் தீர்ந்தது. புதியவர்கள் ஜி4ஐ அப்படியே காப்பியடிக்க வேண்டாம். ஆனால் அந்த வெள்ளைக்கட்ட மந்திரியைச் சுற்றியே ஆட்டம் எப்படிச் சுழல்கிறது என்பதைக் கவனியுங்கள்.

யானைப் பொறி

இந்த வரிசையில் வெள்ளைக்கு ஒரு குழி உண்டு. யானைப் பொறி என்பது அதன் பெயர் மட்டுமே, ரூக்குக்கு இதில் வேலையில்லை. 5. மந்திரி ஜி5க்கு கறுப்பு சி6 வைக்காமல் குதிரையை டி7இல் வைக்கிறார். எஃப்6 குதிரை ராணிக்கு முன்னால் கட்டுண்டு நிற்பதுபோல் தெரிகிறது. டி5 சிப்பாய் இலவசம் என்று தோன்றும். 6. குதிரை டி5ஐ வெட்டினால், கறுப்புக் குதிரை கட்டை அறுத்துக்கொண்டு நம் குதிரையை வெட்டும். 7. மந்திரி டி8 ராணியை வெட்டுகிறது, ஆகா என்று நினைப்போம். அடுத்து மந்திரி பி4 செக். நம் ராஜாவுக்கு நகர இடமில்லை. ராணியை டி2இல் குறுக்கே வைப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. ராணி போகும், ராஜா திருப்பி வெட்டும், கறுப்பு ராஜா டி8 மந்திரியை எடுத்துக்கொள்ளும். கணக்குப் போட்டால் நமக்கு ஒரு குதிரை நஷ்டம், கையில் ஒரு சிப்பாய்.

கறுப்பில் ஆடுகிறவர்கள் இதை நம்பியே உட்கார்ந்திருக்கக் கூடாது. வெள்ளை 6. இ3 வைத்தால் பொறி முடிந்தது, ஆட்டம் வழக்கம்போலத் தொடரும்.

மைனாரிட்டி அட்டாக்

பத்து நகர்த்தல் முடிந்த நிலையில் காய்களை அப்படியே நிறுத்துங்கள். இனி வெள்ளை செய்யப்போவது, ராணி பக்கம் இருக்கிற இரண்டே சிப்பாய்களை, மூன்று சிப்பாய் நிற்கிற இடத்தை நோக்கித் தள்ளுவது. குறிப்பாக பி சிப்பாயை பி5 வரை.

கேட்கிற எல்லாருக்கும் இது தலைகீழாகத்தான் தோன்றும். நேதாஜி ரோட்டில் கடை வைத்திருக்கிற ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல் செஸ் படிக்க வந்தவர், போர்டை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, ரெண்டு சிப்பாயை வச்சுக்கிட்டு மூணு மேல ஏறிப் போனா நமக்குத்தானே நஷ்டம்?"

"நம்ம ரெண்டும் போகட்டும்ணே. மாத்தி முடிச்சதுக்கு அப்புறம் அவரு பக்கம் மிச்சம் ஒண்ணு நிக்குமுல்ல, அதைப் பாருங்க."

கையால் மாற்றிக் காட்டினேன். அவர் சி6ஐ விரலால் தொட்டு, "இதுக்குத் துணைக்கு ஆளே இல்லியே" என்றார். இந்த ஓப்பனிங்கின் மையக் கருத்து இதுதான்.

செய்கிற வரிசை இது. 11. ஏ-யிலிருந்து யானை பி1. பி4க்குப் பின்னாலிருந்து முட்டு. கறுப்பு ஏ5 வைத்துத் தடுத்தால் 12. ஏ3, பிறகு 13. பி4, சிப்பாய்கள் மாறும். கறுப்பு ஏ5 வைக்காமல் ஏ6 வைத்தால், பி4க்குப் பிறகு ஏ4 தள்ளி பி5க்குத் துணை சேர்க்க வேண்டும். எப்படியானாலும் சேருமிடம் பி5.

பி5 வந்து சி6ஐ முட்டியதும் கறுப்புக்கு மூன்று வழி.

முதல் வழி, சும்மா விடுவது. நாம் சி6ஐ வெட்டுவோம், பி7 சிப்பாய் திருப்பி வெட்டும். இப்போது சி6க்குப் பக்கத்துச் சிப்பாய் துணை இல்லை. முன்னால் போகலாம் என்றால் சி5ஐ நம் டி4 சிப்பாய் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த இடத்தில் சி3 குதிரையை ஏ4க்கு எடுங்கள். ஒரே நகர்த்தலில் இரண்டு காரியம்: சி வரிசையில் நம் ராணியின் பார்வை சி6 மேல் நேராக விழும், குதிரைக்கு சி5 கட்டம் கிடைக்கும், அங்கே வந்து நின்றால் எந்தச் சிப்பாயாலும் விரட்ட முடியாது. அடுத்து எஃப்1 யானை சி1க்கு. கறுப்பு யானை, மந்திரி, ராணி எல்லாம் அந்த ஒற்றைச் சிப்பாய்க்குக் காவலாக வரிசையில் நிற்க ஆரம்பிக்கும். காவல் நிற்கிற காய் தாக்கப் போகாது.

இங்கேதான் புதியவர்களுக்குப் பொறுமை போய்விடும். சி6ஐ நான்கு காய் தாக்குகிறது, நான்கு காய் காக்கிறது. ஒன்றும் விழவில்லை என்று சலித்து ஏதாவது வெட்டிவிடுவார்கள். சி6 உடனே விழ வேண்டியதில்லை. அவர் காய்கள் அங்கே முடங்கிக் கிடக்கும்போது பி வரிசை வழியாக யானையை ஏழாம் வரிசைக்கு நுழைக்கப் பாருங்கள், அல்லது இன்னொரு பக்கம் ஒரு தொந்தரவு கொடுங்கள். இரண்டு இடத்துக்குக் காவல் போட அவரிடம் ஆள் போதாது.

இரண்டாவது வழி, கறுப்பு பி5ஐ வெட்டுவது. நாம் குதிரையாலோ மந்திரியாலோ திருப்பி எடுப்போம். டி5 சிப்பாய்க்கு இரு பக்கமும் துணையில்லை. பி7உம் தனிதான். ஒன்றுக்கு இரண்டு இலக்கு.

மூன்றாவது வழி, சி5 தள்ளுவது. டி4ஆல் வெட்டுவோம், மந்திரி திருப்பி வெட்டும். டி5 தனிச்சிப்பாய் ஆகும், டி4 கட்டம் நம் குதிரைக்கு வசதியான இடம். ஆனால் கறுப்புக் காய்களும் சுறுசுறுப்பாகும். மூன்றில் கறுப்புக்கு எதிர்த்து ஆட அதிக இடம் இருப்பது இதில்தான் என்பது என் கணிப்பு. ஆகவே பி5 தள்ளும் முன், சி5 வந்தால் நம் காய்கள் எங்கே நிற்கும் என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தள்ளுங்கள்.

எந்த வழியில் போனாலும் ஒரு சிப்பாய் துணையின்றி நிற்கிறது. பி5 வந்ததும் அது எது என்று கண்டுபிடித்துவிட்டால், அதற்கு அப்புறம் எந்தக் காயை எங்கே வைப்பது என்பது தானாக வந்துவிடும்.

எதிராளி சும்மா இருப்பாரா?

இருக்க மாட்டார். நாம் ராணி பக்கம் சிப்பாய் தள்ளிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர் நம் ராஜாவை நோக்கி வருவார். குதிரை இ4, மந்திரி டி6, எஃப்8 குதிரை ஜி6, யானை இ வரிசையில். குதிரை இ4இல் வந்து உட்கார்ந்ததும் பயந்து பின்வாங்க வேண்டாம். ஜி5 மந்திரியால் இ7ஐ வெட்டுங்கள், ராணி திருப்பி வெட்டட்டும், பி4 தள்ளி வேலையைத் தொடருங்கள். ஒவ்வொரு காய் மாறும்போதும் அவருடைய தாக்குதலுக்கு ஆள் குறைகிறது. சி6இன் பலவீனம் குறைவதில்லை. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: அவருடைய வெள்ளைக்கட்ட மந்திரியை மட்டும் அவசரப்பட்டு வாங்கிக்கொள்ளாதீர்கள். சி6, டி5 இரண்டும் வெள்ளைக் கட்டத்தில் நிற்பதால் அதற்குப் பார்வையே குறைவு. அது கடைசிவரை அவரிடமே இருக்கட்டும்.

இன்னொரு தந்திரம், நாம் பி4 வைத்ததும் கறுப்பே பி5 வைத்துத் தடுப்பது. அப்புறம் எஃப்6 குதிரை டி7, பி6 வழியாக சி4க்கு வந்து உட்காரும். சி6 பலவீனம் அதன் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடும். இது வந்தால் பழைய திட்டத்தைப் பிடித்துத் தொங்காதீர்கள். சி5 கட்டம் இப்போது நம்முடையது. எஃப்3 குதிரையை டி2, பி3 வழியாக அங்கே கொண்டுபோங்கள். கறுப்புக் குதிரைகள் அந்தப் பக்கம் போய்விட்டால் நடுவில் இ4 தள்ளவும் நேரம் வந்துவிடும்.

இன்னொரு திட்டம் உண்டு

ஒன்பதாவதில் குதிரையை எஃப்3க்குப் பதில் இ2இல் வைத்தால் எஃப் சிப்பாய்க்கு வழி இருக்கும். எஃப்3, பிறகு இ4 என்று நடுவைப் பெரிதாக்கலாம். 1952 சோவியத் சாம்பியன்ஷிப்பில் போட்வினிக் கெரெசுக்கு எதிராக இப்படித்தான் ஆடினார். அதில் எனக்குப் பிடித்தது ஒரு யானையின் நடை. முதலில் அதை பி1இல் வைத்து, மைனாரிட்டி அட்டாக்தான் வரப்போகிறது என்று நினைக்க வைத்தார். பிறகு எஃப்3 தள்ளி, அதே யானையை இ1க்குக் கொண்டுவந்து, 20ஆவதில் இ4 தள்ளினார். திட்டம் மாறியது, பார்த்துக்கொண்டிருந்த சிப்பாய் அமைப்பு அதே. புதியவர்கள் இதை ஆறு மாதம் கழித்து எடுத்துக்கொள்ளலாம். எஃப்3 வைத்ததும் இ3 சிப்பாய் பலவீனமாகும், அதைத் தாங்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பழகுகிற முறை

பத்தாவது நகர்த்தல் முடிந்த நிலையைப் போர்டில் வைத்து, அங்கிருந்தே நண்பரோடு ஆடுங்கள். ஆளுக்கு 15 நிமிடம் கடிகாரம். அடுத்த ஆட்டத்தில் பக்கம் மாறுங்கள். கறுப்பில் உட்கார்ந்து பி5 நம்மை நோக்கி வருவதைப் பார்த்தால்தான் அதன் அழுத்தம் புரியும். வெள்ளையில் மட்டும் ஆடிப் பழகுகிறவர்களுக்கு எதிராளி எங்கே அடிப்பார் என்று தெரியாமலே போய்விடும். வீட்டில் ஆள் இல்லையென்றால் லிசெஸ் தளத்தில் இந்த நிலையை வைத்துக் கணினியோடு ஆடலாம், இலவசம்தான். கணினியின் பலத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் உடனே இன்ஜினைத் திறந்து பிளஸ், மைனஸ் எண் பார்க்க வேண்டாம். முதலில் ஸ்கோர் ஷீட்டின் பின்பக்கம் ஒரு வரி எழுதுங்கள்: எந்தச் சிப்பாய் பலவீனமானது, எந்த நகர்த்தலில். அது எழுத வராத ஆட்டத்தை மட்டும் இன்ஜினிடம் கொண்டுபோங்கள். பெற்றோருக்கும் ஒன்று: மண்டபத்துக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்று, வருகிற பிள்ளையிடம் "ஜெயிச்சியா?" என்று கேட்பதற்கு முன்னால் "பி5 தள்ளுனியா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் நீளமாக வரும்.

போட்டிக்குப் போகும்முன் இன்னொன்று தெரிந்துகொள்ள வேண்டும். டி4 வைத்தால் எல்லாரும் டி5, இ6 வைக்க மாட்டார்கள். 1... குதிரை எஃப்6, 2... ஜி6 என்று ஆடுகிறவருக்கு எதிராக இந்தத் திட்டத்தைத் திணிக்க முடியாது. அங்கே சிப்பாய் அமைப்பே வேறு. 2... சி6 வைத்தால் அது ஸ்லாவ். அங்கே அவசரமாக டி5ஐ வெட்டினால் சி6 சிப்பாயால் திருப்பி வெட்டிவிடுவார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சிப்பாய், சி வரிசை இருவருக்கும் முழுதாகத் திறந்திருக்கும். மூன்றுக்கு எதிராக இரண்டு என்ற கணக்கே அங்கே இல்லை, பி5 தள்ளியும் பயனில்லை. அதற்கு 3. குதிரை எஃப்3, 4. குதிரை சி3 என்று காய்களை எடுத்து வைத்து அமைதியாக ஆடுங்கள். டி5ஐ இ சிப்பாயால் திருப்பி வெட்டுகிற நிலை பின்னால் எப்போதாவது வந்தால், யானையை பி1க்கு எடுக்கலாம்.